என்னைக் கேட்காமல் என்னைக் கேட்டவர்கள்

அவைக்குத் தலைமையேற்று, ‘பத்து நிமிடம் மட்டும்’ என்று எழுதிய சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு, அந்தச் சீட்டை நான் எங்கே மடித்து வைக்கிறேன் என்று கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே. கழன்றதை மாட்டிக் கருகியதை மாற்றி, நிறுவனங்கள் கைவிட்டதையெல்லாம் கைதூக்கிவிடும் பழுதுபார்ப்போர் சங்கத்துப் பெருமக்களே. வழக்கம்போல முன்வரிசையை முன்கூட்டியே பிடித்துவிட்ட மூத்தோர்களே. வேலையை முடித்துவிட்டு வந்தவர்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்களுமாகிய தாய்மார்களே. நாற்காலி கிடைக்காவிட்டாலும் சுவரோரம் நின்று கேட்கத் துணிந்த தோழர்களே. முதல் வரிசையின் ஓரத்தில் அமர்ந்து, என் குரலின் ஓர் ஒலியும் காதில் விழாமல், என் உதட்டிலிருந்தே ஒவ்வொரு சொல்லையும் பறித்துக்கொண்டிருக்கும் என் எதிர்வீட்டுத் தையல்காரியே. உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

இன்னும் ஒரு கூட்டத்தாருக்கு வணக்கம் சொல்லாவிட்டால் மரியாதை ஆகாது. அழைப்பிதழ் இல்லாமல் வந்து, வாசலில் பெயர் பதியாமல் நுழைந்து, உங்கள் சட்டைப்பையிலும் கைப்பையிலும் சொகுசாகச் சாய்ந்துகொண்டு, நான் பேசுவதை உங்களைவிடக் கருத்தாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கைப்பேசிகளுக்கும், அவற்றைப் பெற்று வளர்த்து ஆளாக்கிய நிறுவனங்களுக்கும் வணக்கம். அவர்களைப் பெயர் சொல்லி வரவேற்க எனக்கு ஆசைதான். ஆனால் அவர்களில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று நமக்குச் சொல்வதில்லை. நாம் வந்திருப்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

யாரது பின்னால், ‘சத்தமா பேசுங்கம்மா’ என்பது? ஐயா, காது மந்தம் எனக்கு. உங்களுக்குமா? வாருங்கள், இந்த முன்னிடத்துக்கு வாருங்கள். நாம் இருவரும் ஒரே இனம்.

ஆம், அன்பர்களே. என் இரண்டு காதுகளிலும் கருவி இருக்கிறது. அவரை விதை அளவுதான். அதற்குள் ஒரு நிறுவனம் இருந்தது, ஒரு கண்காணிப்பு அறை இருந்தது, ஒரு பூட்டு இருந்தது. என் காது மட்டும்தான் அதற்குள் இல்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். நான் பேச்சை நீட்டுவேன் என்று தெரிந்தே அழைத்திருக்கிறார்கள், அதனால் பழி என்மேல் இல்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முப்பத்தோரு ஆண்டுகள் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவள் நான். தெருவில் எனக்கு ‘எக்ஸ்சேஞ்ச் அக்கா’ என்று பெயர். நீளமான மேசை, எதிரே துளைத்துளையாகப் பலகை, தலையில் காதொலிப்பான், விரலடியில் சிறு சிறு சாவிகள். சாவியை முன்னால் தள்ளினால் பேசுகிறவர்களின் குரல் நம் காதில் விழும். பின்னால் இழுத்தால் விழாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான். இணைப்புக் கிடைத்ததா, ‘பேசுங்கள்’ என்று சொல், சாவியை இழு. ஊரே எங்கள் விரல் வழியாகப் பேசியது. காதலித்தது, சண்டை போட்டது, பொய் சொன்னது. நாங்கள் சாவியை இழுத்துவிட்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தோம்.

இழுத்தோம் என்று நான் பெருமையடித்துக்கொண்டால் அது உங்கள் காதில் பூச்சுற்றுவதாகும். ஒரே ஒரு முறை நான் இழுக்கவில்லை. எங்கள் தெரு ரொட்டிக்கடைக்காரரின் அண்ணனுக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு. தெரிந்த பெயராயிற்றே என்று ஓர் ஆசை. விரல் சாவிமேல் நின்றது. தம்பிக்கு மூன்று மாதம் தாண்டாது என்று மருத்துவர் சொன்னார். தம்பியிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று அண்ணன் அழுதார்.

மறுநாள் காலையில் ரொட்டி வாங்கப் போனேன். வாயைத் திறக்கவில்லை, தாய்மார்களே. சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

“என்னக்கா, ஏன் அப்படிப் பாக்கறீங்க?” என்றார்.

“ஒண்ணுமில்லையே.”

“இல்லக்கா. நேத்து சாயங்காலத்துலேருந்து எங்க அண்ணனும் இப்படித்தான் பாக்கறாரு.”

ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். என் முகத்தில் எதைப் படித்தாரோ, முழுவதையும் படித்துவிட்டார். அண்ணன் பக்குவமாகச் சொல்ல வேண்டியதை நான் கண்ணால் போட்டு உடைத்துவிட்டேன். அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் போய் ஒப்புக்கொண்டேன். ஒரு மாதம் என்னைப் பலகைப் பக்கமே அண்டவிடவில்லை.

ஏன் இதைச் சொன்னேன்? ஒட்டுக்கேட்பது கெட்டது என்று ஊருக்கு உபதேசம் செய்ய அல்ல. ஒட்டுக்கேட்டவள் ஒருத்தி, ஒட்டுக்கேட்கப்பட்ட கதையைச் சொல்கிறாள் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

சென்ற ஆண்டு என் மகன் வெளியூரிலிருந்து வந்தான். நல்ல பிள்ளை. அவனைக் குறை சொல்ல வந்தேன் என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். கணவர் போனபின் நான் தனியாக மாடியில் இரண்டறை வீட்டில் இருக்கிறேன் என்பது அவனுக்குப் பெரிய கவலை. அழைத்தால் எனக்குக் கேட்பதில்லை என்பது அதைவிடப் பெரிய கவலை. அதனால் இந்தக் கருவியை வாங்கி வந்தான். பெட்டி இருக்கிறதே, அடடா, அது நகைப்பெட்டியைவிட அழகு. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் ஒரு பஞ்சுமெத்தை, மெத்தைமேல் கருவி. என் வாழ்நாளில் அப்படி ஒரு மெத்தையில் நான் படுத்ததில்லை.

கருவியைக் காதில் மாட்டி, கைப்பேசியில் செயலியை ஏற்றினான். திரையில் ஒரு கேள்வி வந்தது. பெரியோர்களே, அந்தக் கேள்வியை மட்டும் எழுத்துக்கு எழுத்து சொல்கிறேன், கேளுங்கள். ‘செயலி உங்களைக் கேட்க அனுமதிக்கவா?’

என்ன பணிவு. என்ன பண்பு. அரைநூற்றாண்டாக என்னை யார் கேட்டார்கள்? எங்கே படிக்கிறாய் என்று கேட்டார்களா? யாரைக் கட்டிக்கொள்கிறாய் என்று கேட்டார்களா? எந்த ஷிப்ட் வேண்டும் என்று மேற்பார்வையாளர் கேட்டாரா? இதோ, ஓர் இயந்திரம், நேற்றுப் பிறந்த இயந்திரம், எதைச் செய்வதற்கு முன்பும் என்னை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று ‘ஆம்’. மற்றொன்று ‘பிறகு நினைவூட்டு’. ‘இல்லை’ என்று ஒரு பொத்தான் வைக்க இடம் போதவில்லை போலிருக்கிறது. எனக்கு எதற்கு அந்தப் பொத்தான்? ‘தாராளமா கேளு கண்ணு’ என்று சொல்லிக்கொண்டே ‘ஆம்’ என்பதை அழுத்தினேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நம் மொழியில் ‘கேள்’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. வாயால் கேட்பதும் கேட்பதுதான், காதால் கேட்பதும் கேட்பதுதான். மொழிபெயர்த்த புண்ணியவான் எந்தக் கேட்பைச் சொன்னாரோ, நான் வேறொரு கேட்பைப் புரிந்துகொண்டேன். என் சம்மதத்தைக் கேட்கும் என்று நினைத்தேன். அது என் சத்தத்தைக் கேட்டது.

முதல் மூன்று மாதம் நான் சொர்க்கத்தில் இருந்தேன் என்பதையும் மறைக்க மாட்டேன். பேனா காகிதத்தில் உரசுவது கேட்டது. மழை நின்ற பிறகும் இலையிலிருந்து சொட்டுவது கேட்டது. குழாயடியில் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது கூடக் கேட்டது. அது மட்டும் கேட்காமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு என் மகன் தினமும் அழைக்க ஆரம்பித்தான்.

“அம்மா, இன்னிக்கு யார்கூடயும் பேசலையா?”

“ஏன்டா, நல்லாப் பேசினேனே.”

“சரிம்மா. சரி. நான் நம்பறேன்.”

அந்த ‘நம்பறேன்’ இருக்கிறதே, அது நம்பாதவர்கள் சொல்லும் ‘நம்பறேன்’. முப்பத்தோரு ஆண்டு குரலோடு பிழைத்தவளுக்கு அது தெரியாதா? என்ன சேதி என்று நோண்டினேன். வாராவாரம் அவனுக்கு ஓர் அறிக்கை போகிறதாம். ‘குடும்ப நல அறிக்கை’. என்ன இனிமையான பெயர் பாருங்கள். எத்தனை மணிக்குக் கருவியை மாட்டினேன், எத்தனை மணிக்குக் கழற்றினேன், எத்தனை சொல் பேசினேன், எவ்வளவு இரைச்சலில் நின்றேன், எல்லாம் படம் போட்டு, வண்ணம் தீட்டி. அதில் தினமும் மாலை நான்கிலிருந்து ஆறு வரை ஒரு சிவப்புக் கட்டம். ‘பயனர் தெரு இரைச்சல் உள்ள இடத்தில் அசையாமல் நிற்கிறார். உரையாடல்: சுழியம். தனிமை அபாயம்: மிகுதி.’

நான்கிலிருந்து ஆறு வரை நான் எங்கே இருப்பேன்? என் ஜன்னலில். யாரோடு? இதோ, இந்த முன்வரிசை மகாராணியோடு. அவள் ஜன்னல் என் ஜன்னலுக்கு நேரெதிர். பிறந்ததிலிருந்து அவளுக்குக் காது கேட்காது. எனக்குக் கேட்பது குறைய ஆரம்பித்தபோது, ஊரெல்லாம் ‘ஐயோ பாவம்’ என்றது. இவள் ஒருத்திதான் ‘எங்கள் பக்கம் வா’ என்று கைகாட்டினாள். ஆறு ஆண்டுகளாக எனக்குக் கைமொழி சொல்லிக்கொடுத்து, என் தப்புகளுக்கெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு, என்னை ஆளாக்கிவிட்டாள். தெருவின் குறுக்கே, பேருந்துக்கும் லாரிக்கும் மேலே, இரண்டு மணி நேரம் கையாலேயே ஊர்வம்பு பேசுவோம். அந்தத் தெருவிலேயே அவ்வளவு பேச்சு வேறு எந்த வீட்டிலும் கிடையாது. கீழே நிற்பவருக்கு ஒரு சொல் கேட்காது என்பதால், கீழே நிற்பவரைப் பற்றியே பேசலாம். அதன் சுகமே தனி.

இவ்வளவும் அந்த அதிபுத்திசாலிக் கருவிக்கு என்னவாகத் தெரிந்தது? லாரிச் சத்தம். ஊமைக் கிழவி. சிவப்புக் கட்டம்.

நூலகர் அம்மையார் இரண்டாவது சீட்டு அனுப்பியிருக்கிறார். காது மந்தம் என்பதால் எழுதி அனுப்புகிறார், நன்றி. எனக்குக் கண்ணும் மந்தம் என்பதை இந்த நேரத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.

அதன்பிறகு கருணை பெருகியது. ‘உங்கள் அன்புக்குரியவர் அதிக இரைச்சலில் இருக்கிறார், ஒலியளவைக் குறைக்கவா?’ என்று செயலி என் மகனைக் கேட்டிருக்கிறது. பாருங்கள், அவனைக் கேட்டிருக்கிறது. கேட்கத் தெரியாத இயந்திரம் இல்லை அது. ஆளைப் பார்த்துக் கேட்கிறது. பிள்ளையும் அக்கறையாக, வெளியூரில் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே என் காதுச் சத்தத்தைக் குறைத்துவிட்டான். நான் தெருவைக் கடக்கிறேன். பின்னால் வந்த சைக்கிளின் மணி எனக்குக் கேட்கவில்லை. விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. உடனே அறிக்கை பறந்தது: ‘பயனர் விழுந்திருக்கக்கூடும். தனியாக வாழ்வது பாதுகாப்பல்ல.’ காதை அடைத்தது அது, விழுந்தது நான், விழுந்ததற்குச் சாட்சி சொன்னதும் அது. இப்படி ஒரு சாட்சி கிடைத்தால் எந்த வழக்குத்தான் தோற்கும்?

சத்தத்தை நானே கூட்டிக்கொள்ளலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். ‘நிர்வாகியின் அனுமதி தேவை’ என்றது. கருவிக்கு உரிய உதவி எண்ணை அழைத்தேன். காது கேளாதவர்களுக்குக் கருவி விற்கும் நிறுவனம், குறைகளைத் தெரிவிக்கத் தொலைபேசி எண் ஒன்றை மட்டும் வைத்திருக்கிறது என்பதை நீங்கள் பாராட்டவேண்டும். நாற்பது நிமிடம் இசை கேட்டபின் ஒரு பெண்குரல் வந்தது.

“என் காதுல சத்தம் கூட்டணும்மா.”

“உங்க நிர்வாகி அனுமதிக்கணும் மேடம்.”

“யாரும்மா என் நிர்வாகி?”

“அது தனிப்பட்ட தகவல் மேடம். சொல்ல முடியாது.”

கவனித்தீர்களா? என் காதுக்கு யார் அதிகாரி என்பது என்னிடம் சொல்லக்கூடாத ரகசியம். என் ரகசியத்தை எல்லோருக்கும் விநியோகம் செய்தவர்கள், என்னிடமிருந்து காப்பாற்றிய ஒரே ரகசியம் அது.

“சரிம்மா, கருவி யாரோடது?”

“உங்களோடது மேடம்.”

“அதுல வர்ற சத்தம்?”

“ஒலியளவு ஒரு சேவை மேடம். சேவை எங்களோடது.”

“அப்போ காது?”

மறுபடியும் கொஞ்சம் இசை வந்தது. பிறகு, “மேலதிகாரிகிட்ட கேட்டுச் சொல்றேன் மேடம்,” என்றது குரல்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். நான் உட்கார்ந்த நாற்காலி போன்ற ஒரு நாற்காலியில்தான் அவளும் உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சாவியை இழு என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவளுக்குச் சாவியே கொடுக்கவில்லை. அந்த மேலதிகாரி இன்றுவரை பதில் சொல்லவில்லை. என் காது யாருடையது என்பது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை மகனும் மருமகளும் வந்தார்கள். கையில் வழவழப்பான ஒரு புத்தகம். முதியோர் குடியிருப்பு. அட்டையில் ஆறு கிழவிகள் ஒரே மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இடம் பதிவு செய்தாயிற்று, என் வீட்டுக்கு வாடகைக்கு ஆளும் பார்த்தாயிற்று, மாதக் கடைசியில் நான் கிளம்ப வேண்டும். சொல்லிவிட்டு என் மகன் என்னைப் பார்த்தான்.

அன்பர்களே, அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அது என் பார்வை. ரொட்டிக்கடைக்காரரை நான் பார்த்த அதே பார்வை. எதிரே இருப்பவளிடம் ஒரு வார்த்தை பேசாமலேயே அவளைப் பற்றி முழுவதும் தெரிந்துகொண்டவனின் பார்வை. அன்று அந்த மனிதர் எப்படி நொறுங்கினார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. என் ஜன்னல் போகப்போகிறது, என் ஜன்னலுக்கு எதிர்ஜன்னல் போகப்போகிறது என்று நினைத்ததும் எனக்கு அழுகையாக வந்தது. அழுதால் அதையும் அறிக்கையில் சேர்த்துவிடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

மணி நான்கு. எழுந்து ஜன்னலைத் திறந்தேன். எதிரே இவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டுத் தயாராக நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் ‘என்ன’ என்றாள். நான் சொன்னேன். அவள் கேட்டாள். நான் சொன்னேன். அவள் திட்டினாள். யாரை என்று இங்கே சொல்ல மாட்டேன். நடுவில் நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். முதலில் புரிந்துகொண்டவள் என் மருமகள்தான். நாற்காலியை விட்டு மெல்ல எழுந்து வந்து, என் கையையும் எதிரே அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அத்தை, இது தினமும் நடக்குதா?”

“நாலுலேருந்து ஆறு வரைக்கும்.”

“இப்ப என்ன சொல்றாங்க?”

“உன் வீட்டுக்காரன் சட்டை வலது தோள்ல இறங்கி நிக்குதாம். கழட்டிக் குடுத்தா சரி பண்ணித் தர்றாளாம்.”

என் மகன் தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். முகம் சுண்டிவிட்டது.

“ஏம்மா, இவ்ளோ நாளா எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீ கேட்டியா?”

“தினமும் கேட்டுக்கிட்டுத்தானேம்மா இருந்தேன்.”

“ஆமாண்டா. என்னைக் கேட்டுக்கிட்டேதான் இருந்தே. என்னைத்தான் கேக்கலை.”

அவன் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தான். சட்டையைக் கழற்றினான். தெருவைக் கடந்துபோய் அவளிடம் கொடுத்துவிட்டு, பனியனோடு திரும்பி வந்தான்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டாமா? முடியவிடுவார்களா? மகன் அங்கேயே உட்கார்ந்து, அறிக்கையை நிறுத்து, பூட்டை எடு, சத்தத்தை அம்மாவிடமே கொடு என்று செயலியிடம் மன்றாடினான். ‘பயனரின் நலன் கருதி இந்தக் கோரிக்கையை ஏற்க இயலவில்லை’ என்றது. நான் சுயபுத்தியோடு இருக்கிறேன் என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டுமாம். கருவியைக் காதில் மாட்டும்போது யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. கழற்றத்தான் புத்தி வேண்டும் போலிருக்கிறது. அதுவரை என் மகன்தான் நிர்வாகி என்று நினைத்திருந்தோம். அவனும் வாசல்காவலன்தான், வீட்டுக்காரன் வேறெங்கோ இருக்கிறான் என்று அன்று தெரிந்தது.

அப்போதுதான் இந்தச் சங்கத்தின் பட்டறைக்கு வந்தேன். உங்களில் பலருக்குத் தெரிந்தவர், காதில் பேனா செருகுகிற ஆள் அல்ல, காதில் திருப்புளி செருகுகிற ஆள். அதனால் அவர் பெயரே திருப்புளி. இதோ, தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார் பாருங்கள். கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு நாள் வைத்துக்கொண்டார். அந்த நாலு நாளும் நான் சத்தமில்லா உலகத்தில் இருந்தேன், அதனால் ஜன்னல் பேச்சு மூன்று மணி நேரமாக வளர்ந்தது.

“பூட்டை உடைச்சிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“உடைக்கலக்கா. உங்க பொருள்தானே. உங்க சாவி எங்க வச்சிருக்காங்கன்னு தேடினேன்.”

என்னைப் போல இந்தக் கருவியை மாட்டிக்கொண்டு அவதிப்பட்டவர்கள் எங்கெங்கோ இருந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் கூடி அதற்கென்று ஒரு மென்பொருள் எழுதி, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், திருத்தட்டும், பிழை இருந்தால் திட்டட்டும் என்று திறந்து வைத்துவிட்டார்கள். அதைத்தான் திருப்புளி உள்ளே ஏற்றியிருந்தார். அறிக்கை கிடையாது. நிர்வாகி கிடையாது. காதுக்குப் பின்னால் கூட்ட ஒரு பொத்தான், குறைக்க ஒரு பொத்தான். என் காதில் மாட்டிவிட்டு, எட்டி நின்றுகொண்டு கேட்டார்.

“அக்கா, எவ்ளோ சத்தம் வேணும்?”

பெருமக்களே, அங்கேயே நின்று அழுதேன். அந்தக் கருவி என் காதில் ஏறிய நாளிலிருந்து, அதைப் பற்றி என்னை யாராவது கேட்ட முதல் கேள்வி அது. உலகத்திலேயே சின்னக் கேள்வி. எவ்வளவு சத்தம் வேண்டும். இதைக் கேட்க ஒரு மனிதருக்கு நாலு நொடி ஆனது.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் வாய்விட்டுச் சிரித்தால் இந்தக் கருவி விசில் அடிக்கிறது. அடுத்த வாரம் சரிசெய்து தருகிறேன் என்று திருப்புளி சொல்லி ஐந்து வாரம் ஆகிறது. அவரை நான் நேராகப் போய்ப் பிடித்துக் கேட்கலாம், இதோ இத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கலாம். நாற்பது நிமிட இசை கேட்க வேண்டியதில்லை. எனக்கு அது போதும்.

இப்போது சொல்லுங்கள். நாம் என்ன, கருவிகளுக்கு எதிரிகளா? காதில் இரண்டு கருவியை மாட்டிக்கொண்டு மேடையேறியவளா எதிரி? என் மகனின் கவலை பொய்யா? பொய்யில்லை. பிள்ளைகளின் பாசத்தைப் பிடித்து, அதில் ஒரு கம்பியைக் கோத்து, அந்தக் கம்பி வழியே பெற்றவளை ஒட்டுக்கேட்கக் கற்றுக்கொடுத்தார்களே, அவர்களிடம்தான் என் வழக்கு. ‘உங்கள் நலனுக்காக’ என்றார்கள். என் நலனை யாரிடம் கேட்டீர்கள்? ‘நீங்கள் சம்மதித்தீர்கள்’ என்றார்கள். எந்தச் சொல்லுக்குச் சம்மதித்தேன் என்று கேட்டீர்களா? ‘இல்லை’ என்று சொல்ல ஒரு பொத்தான் வைக்காதவனுக்கு என் ‘ஆம்’ எதற்கு?

அதனால் கேளுங்கள், தோழர்களே, கேளுங்கள். வாங்கும்போது கேளுங்கள்: இதைத் திறந்தால் உள்ளே இருப்பது தெரியுமா? மாட்டும்போது கேளுங்கள்: இதை நானே கழற்றலாமா? வீட்டுக்குள் விடும்போது கேளுங்கள்: இது யாரிடம் என்ன சொல்லும்? பதில் வரும்வரை கேளுங்கள், பதில் புரியும்வரை கேளுங்கள், ‘மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்றால் அந்த மேலதிகாரியைக் காட்டு என்று கேளுங்கள். பிள்ளைகளே, உங்கள் அம்மாவைப் பற்றி அறிக்கை படிக்கும் நேரத்தில் அம்மாவை அழைத்து ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் பொய் சொன்னால் சொல்லட்டும். பொய் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவள் உரிமை. முப்பத்தோரு ஆண்டுகள் ஓர் ஊரின் பொய்களுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவள் சொல்கிறேன், ஊர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

மூன்றாவது சீட்டு வந்துவிட்டது. இதில் எழுத்தே இல்லை, கோபம் மட்டும் இருக்கிறது. முடித்துவிடுகிறேன்.

முடிக்கும் முன் ஒரு காரியம். இதோ, வலது காதுக் கருவியைக் கழற்றுகிறேன். இதோ, இடது காது. யாரையும் கேட்கவில்லை, பார்த்தீர்களா? யாருக்கும் அறிக்கை போகவில்லை. இனி நீங்கள் கைதட்டினால் எனக்குக் கேட்காது. முன்வரிசையில் இருக்கும் இவளுக்கு எந்த மேடையிலும் கேட்டதில்லை. அதனால் இன்றைக்கு ஒரு நாள், கைதட்டாமல், இரண்டு கையையும் தூக்கி, விரலை விரித்து அசையுங்கள். அவள் ஆட்கள் அப்படித்தான் பாராட்டுவார்கள். நூலகர் அம்மையாரே, நீங்களும். அந்தச் சீட்டைக் கீழே வைத்துவிட்டு.

அடேயப்பா, எத்தனை கை. கண்ணு, திரும்பிப் பார், பின்வரிசை வரைக்கும்.

இடம் தந்த நூலகத்துக்கு நன்றி. சாவியைத் தேடித் தந்த சங்கத்துக்கு நன்றி. தோளில் இறங்காத சட்டை போட்டுக்கொண்டு அதோ மூலையில் நிற்கும் என் மகனுக்கும் மருமகளுக்கும் நன்றி.

இதுவரை கேட்டீர்கள், மகிழ்ச்சி. இனிமேல் கேளுங்கள், வணக்கம்.